வித்தியாசம்

பதினெட்டாயிரத்து அறுநூறை
எண்ணிக் கொடுத்துப் பன்னிரண்டு நாள்.
கல்லுக்கட்டியில் வெந்தயம் வாங்கப் போனவள்
பொன்னழகு ஏஜென்சி கண்ணாடியில் பார்த்தேன்:
அதே ஃப்ரீசர், அதே நீல மூடி,
பதினாறாயிரத்து இருநூறு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
மூன்று தரம் வாசித்தேன்,
எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி.

இரண்டாயிரத்து நானூறு.
எனக்கு அது ரூபாயாகத் தெரியாது.
பாக்கெட்டுக்கு ஆறு ரூபாய் நிற்கும் மாவில்
அது நானூறு பாக்கெட்.
நானூறு பாக்கெட்டுக்கும் குனிந்து
கிரைண்டரை வழித்த முதுகு.

பில் வீட்டில் காலண்டர் ஆணியில் இருந்தது.
வெயில் விழும் சுவர்.
அழகம்மையை அலகம்மை என்று அடித்திருந்தார்கள்,
இப்போது அந்தத் தப்பான 'ல' மட்டும் மிச்சம்.
பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி:
'முப்பது நாளுக்குள் எங்கள் கடையில் விலை குறைந்தால்
வித்தியாசம் திருப்பித் தரப்படும்.'
அந்த மை வெளுக்கவில்லை.

மறுநாளே கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்.
பெண்களுக்கு டிக்கெட் கிடையாது,
இருந்திருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டிருப்பேன்.

விற்கும்போது எனக்கு மோர் வாங்கித் தந்த
அபுதாகிர் தம்பி
இன்று மிக்சி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்
எதையோ தேடிக்கொண்டிருந்தான்.
மேனேஜர் முத்துக்கருப்பன் பில்லை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
"ஒண்ணுமே தெரியலியே ஆச்சி."
"உங்க மெஷின் அடிச்ச மைதானே" என்றேன்.
"ஆடி ஆஃபர் இதுல சேராது."
"சேராதுன்னு எங்க போட்டிருக்கீக?"
அவர் பின்பக்கத்தைப் படித்தார்.
அவரே அதைப் படிப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை
என்று பட்டது.

கூப்பனாகத் தருகிறேன் என்றார்.
ரோஸ் கலர் அட்டை, இரண்டாயிரத்து நானூறு,
ஓரத்தில் பூ வேறு.
இதை நீட்டினால் உளுந்துக்காரர் அளப்பாரா என்றேன்.
மதுரைக்குப் போன் போட்டார்.
நான் விற்பனைக்கு இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.
அதிலும் விலை தொங்கியது,
என் தோளுக்கு மேலே, எனக்குப் போட்ட விலை மாதிரி.

ஒன்றேகால் மணி நேரம்.
பணமாகவே வந்தது.
எண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
விரலை மட்டும் பார்த்தேன்.

திரும்பினால் கோட்டையூரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை.
புது ஃப்ரீசர் வெறும் வெள்ளைப் பெட்டியாக நின்றது.
மாவு பொங்கி மூடியைத் தூக்கியது.
விடிந்தால் புளித்துப் பொத்துவிடும்.
ராத்திரி ஏழரைக்கு, வாசல் சிலேட்டில்
நாற்பதை எச்சில் தொட்டு அழித்து
முப்பது என்று எழுதினேன்.

எதிர்க்கடைக்குத் தீப்பெட்டிக்கு வந்த செபஸ்தியம்மாள்
சிலேட்டைப் பார்த்து நின்றாள்.
ஆறு மணிக்குத்தான் நாற்பது கொடுத்து
வாங்கிப் போயிருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
உதடு மட்டும் அசைந்தது,
மூன்று தரம் இருக்கும்.

பில் இல்லை, முப்பது நாள் இல்லை,
மாவுப் பாக்கெட்டின் பின்பக்கம்
நான் எதையும் எழுதியதில்லை.
"சாயங்கால விலை வேற, ராத்திரி விலை வேற"
என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
முத்துக்கருப்பன் குரல் வரும் போலிருந்தது,
மூடிக்கொண்டேன்.

"இந்தா, ரெண்டு கரண்டி கூட வாங்கிட்டுப் போ."
சரி என்று தலையாட்டிப்
பாத்திரம் எடுத்துவரத் திரும்பினாள்.
பத்தடி போயிருப்பாள்.
கரண்டியைப் பார்த்தேன்.
கூப்பன்.

"செபஸ்தி, பாத்திரம் வேணாம், இங்க வா"
என்று கத்திக்கொண்டே
இடுப்புப் பையில் துழாவினேன்.
எல்லாம் ஐநூறு, ஐநூறாக இருந்தது.
பத்து ரூபாய்த் தாள் ஒன்று
எங்கேயோ மடிந்து கிடக்க வேண்டும்.